இங்கிலாந்தில் இரண்டாவது தொழிலாக இலக்கிய ஆசிரியப் பணி: புதிதாக வந்திருப்பவர்களுக்கு

கணவரின் வேலை விசாவில் அண்மையில் லண்டன் வந்து, சென்னையில் பார்த்த மென்பொருள் வேலைக்குத் திரும்பாமல் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கலாமா என்று கேட்டிருக்கும் சகோதரிக்கு இதை எழுதுகிறேன். நானும் மதுரையில் 13 ஆண்டுகள் வங்கியில் இருந்துவிட்டு, எப்போதோ வாங்கிய ஆங்கில எம்.ஏ. பட்டத்தை நம்பி 41 வயதில் இங்கே வகுப்பறைக்குள் நுழைந்தவள்தான்.

ஆசிரியப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன், ஏதேனும் ஒரு பள்ளியில் இரண்டு பருவமாவது டீச்சிங் அசிஸ்டென்டாகவோ (ஆசிரியருக்கு உதவியாளர்), கவர் சூப்பர்வைசராகவோ (ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்பவர்) வேலை பாருங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. துணைவர் விசாவில் இருப்பவர்கள் இவ்வேலைகளைச் செய்வதற்குத் தடையில்லை. ஆசிரியர் தகுதியும் தேவையில்லை. டி.பி.எஸ். என்னும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. வெளிநாட்டில் வாழ்ந்தவர்களிடம் அந்நாட்டுக் காவல்துறையின் நற்சான்றையும் பள்ளிகள் வழக்கமாகக் கேட்கும் என்பதால், ஊருக்குப் போகும்போதே அதற்கான ஏற்பாட்டைச் செய்துகொள்வது நல்லது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குப் பணம் ஒரு காரணம். பி.ஜி.சி.இ. என்னும் பட்டதாரி ஆசிரியர் பயிற்சிக்கு உள்நாட்டு மாணவர்களின் கட்டணம் 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 9,535 பவுண்டு. ஆனால் நிரந்தர வசிப்புரிமை பெற்று மூன்றாண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தவர்களுக்கே பொதுவாக அந்தக் கட்டணமும் அரசின் மாணவர் கடனும் கிடைக்கும். மற்றவர்கள் அதைவிட மிகுதியான வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைக் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். சம்பளத்துடன் கூடிய பயிற்சி இடங்களில் கட்டணம் கிடையாது என்றாலும் அவ்விடங்கள் குறைவு; பள்ளியில் ஏற்கெனவே முகம் தெரிந்தவர்களுக்கு அங்கே வாய்ப்பு கூடுதல் என்பது என் கணிப்பு.

ஊரில் பி.எட். முடித்தவர்கள் கவனிக்க: 2023 முதல் இந்தியாவில் தகுதி பெற்ற ஆசிரியர்கள் மீண்டும் பயிற்சி பெறாமலே க்யூ.டி.எஸ். என்னும் ஆசிரியத் தகுதிக்கு விண்ணப்பிக்க ஒரு வழி திறந்திருக்கிறது. ஆனால் அது கணிதம், அறிவியல், பிறமொழி ஆசிரியர்களுக்கானது. ஆங்கில இலக்கியம் கற்பிப்பவர்களுக்குப் பொருந்தாது. அந்த அறிவிப்பை அரைகுறையாகப் படித்துவிட்டு நான் ஒரு மாதம் மகிழ்ச்சியில் இருந்தேன்.

இனி பாடத்திற்கு வருவோம். நம்மில் பலர் அஞ்சுவது ஷேக்ஸ்பியரை. உண்மையில் அஞ்ச வேண்டியது கேள்வித்தாளை. 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. ஆங்கில இலக்கியத் தேர்வில் ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம், ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல், 1914-க்குப் பிந்தைய ஒரு பிரிட்டிஷ் நாடகம் அல்லது புனைகதை, ஒரு கவிதைத் தொகுப்பு ஆகியவை உண்டு. இவை தவிர, மாணவர் அதுவரை பார்த்தேயிராத கவிதையும் கொடுக்கப்படும். அதைக் கண்டதும் எனக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளின் 'நயம் பாராட்டுக' கேள்விதான் நினைவுக்கு வந்தது. திரண்ட கருத்து, மோனை, எதுகை, முரண், அணி என்று தலைப்பிட்டு அடுக்கினால் நமக்கு மதிப்பெண் விழுந்தது. இங்கே அப்படி உவமையையும் மோனையையும் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டியதோடு நிறுத்தும் விடைக்கு அதிகம் கிடைப்பதில்லை. அந்தச் சொல்லை அந்த இடத்தில் வைத்ததனால் படிப்பவருக்கு என்ன நேர்கிறது, வேறொரு சொல் அங்கே ஏன் பொருந்தாது என்று வாதிட வேண்டும். கோனார் உரையில் வளர்ந்த என் தலைமுறைக்கு இந்தப் பழக்கம் மாறுவதற்கு நாளாகிறது. பயிற்சியில் நான் நடத்திய முதல் பாடம் முழுவதும் பொழிப்புரையாகவே இருந்தது என்பதை என் வழிகாட்டி ஆசிரியை மென்மையாகச் சொன்னார். சொன்னது மென்மையாக இருந்தாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஒருவகையில் நமக்குச் சாதகமும் உண்டு. இத்தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்க முடியாது. மேற்கோள்கள் நினைவில் இருக்க வேண்டும். செய்யுளை ஒப்பித்தே வளர்ந்த நமக்கு, வரிகளை மனத்தில் நிறுத்தும் உபாயங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது கைவந்த கலை.

வகுப்பறை ஒழுங்கு வேறு உலகம். ஆசிரியர் உள்ளே வந்ததும் தானாக அமைதி கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பள்ளிக்கென எழுதப்பட்ட நடத்தை விதிமுறை இருக்கும்; எத்தனை முறை எச்சரிக்க வேண்டும், எப்போது டிடென்ஷன் (தண்டனையாக நிறுத்தி வைத்தல்) கொடுக்க வேண்டும் என்பதை வார்த்தை பிசகாமல் பின்பற்றுபவர்களுக்கே பிள்ளைகள் கட்டுப்படுகிறார்கள். ஒன்பதாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் உச்சரிப்பைப் பின்னால் இருந்து திருப்பிச் சொன்னபோது, வங்கியில் கோபக்கார வாடிக்கையாளர்களிடம் பழகிய பொறுமைதான் எனக்குக் கைகொடுத்தது. பதின்ம வயதினர் பேசும் லண்டன் ஆங்கிலம் காதில் பிடிபடவே எனக்கு ஒரு பருவம் ஆயிற்று. முன்கூட்டியே பள்ளியில் வேலை பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம்; அந்தச் செவிப் பழக்கத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டே பெறலாம், கட்டணம் கட்டிப் பெற வேண்டியதில்லை.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, பட்டத்தோடு, ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜி.சி.எஸ்.இ. 4-ஆம் தரத்துக்கு இணையான தேர்ச்சியும் கேட்பார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை, இலங்கையிலிருந்து வந்தவர்களாயின் சாதாரண தரச் சான்றிதழை, வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஒப்பிட்டு மதிப்பிடும் யு.கே. எனிக் நிறுவனத்தில் மதிப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி ஒரு கல்வியாண்டு. அதில் குறைந்தது 120 நாட்கள் இரண்டு பள்ளிகளிலாவது கழியும். பிறகு பணியில் சேர்ந்ததும் ஈராண்டு இ.சி.டி. என்னும் புதிய ஆசிரியர் காலம், முதலாண்டில் வகுப்புச் சுமையில் 10 விழுக்காடும் இரண்டாமாண்டில் 5 விழுக்காடும் குறைத்துத் தருவார்கள். தொடக்கச் சம்பளம் 2024 செப்டம்பரில் லண்டனுக்கு வெளியே 31,650 பவுண்டு, உள்லண்டனில் 38,766 பவுண்டு. மென்பொருள் துறையிலிருந்து வரும் உங்களுக்கு இது இறக்கமாகத் தெரியலாம். வீட்டு வாடகையையும் பிள்ளைப் பராமரிப்புச் செலவையும் எழுதி வைத்துக் கணக்குப் பார்த்துவிட்டே கணவரிடம் பேசுங்கள்.

செப்டம்பரில் பணியிலிருக்க வேண்டிய ஆசிரியர்கள் பழைய பள்ளியில் மே 31-க்குள் விலகல் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்பதால், வேலை விளம்பரங்கள் பிப்ரவரி முதல் மே வரைதான் குவியும். பயிற்சியின் நடுவே, தூக்கமில்லாத அந்த மாதங்களில்தான் நேர்காணலுக்கும் போக வேண்டியிருக்கும்; அன்று நடத்திக் காட்டுவதற்கு ஒரு கவிதைப் பாடத்தைக் கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே தயாரித்து வைத்துவிடுங்கள்.