பனிக்கங்குளத்தைத் தாண்டிய மதகு

குழு: எங்கள் முற்றம்

ஞாயிற்றுக்கிழமை

[மு.ப. 9:40] கவிநயா: எல்லோருக்கும் வணக்கம். இன்றைய ஓட்டத்தை நான் முடிக்கவில்லை. கனகராயன்குளத்தில் அத்தை வீட்டு வாசலில் இருந்து அதிகாலை 4:15க்குப் புறப்பட்டு, ஏ9 வீதியால் இரணைமடுச் சந்தி வரை ஓடப்போவதாக உங்களிடம் சொல்லியிருந்தேன். மாங்குளம் வரை ஒரு சிரமமும் இருக்கவில்லை. கொக்காவில் தொலைத்தொடர்புக் கோபுரத்தின் சிவப்பு விளக்குகள் இருட்டுக்குள் தெரியத் தொடங்கியபோது மனதுக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. ஆனால் விடிந்து, பனிக்கங்குளத்தையும் கடந்த பிறகு, எவ்வளவு ஓடினாலும் அந்தக் கோபுரம் கிட்ட வராமல் அதே இடத்தில் நிற்பது போல இருந்தது. கடிகாரம் 20 கிலோமீற்றரைத் தாண்டியதும், "இது உனக்கு ஆகாத வேலை, மரதனின் 42 கிலோமீற்றரை நீ எந்தக் காலத்திலும் ஓடப்போவதில்லை" என்ற ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது. வீதியோரத்து மதகில் இருந்துவிட்டேன். ஆரூரன்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தான். காலில் நோவோ காயமோ இல்லை. மனந்தான் விட்டுவிட்டது.

[மு.ப. 9:52] அம்மா: வீட்டுக்கு வந்ததில் இருந்து ஒரு வார்த்தை பேசாமல் அறைக்குள் படுத்திருக்கிறாள். பெரியத்தான், நீங்கள்தான் அவளுக்கு ஏதாவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

[மு.ப. 10:15] பெரியப்பா: மகள், முதலில் நீ மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. முப்பது வருடங்களுக்கு மேல் பாடசாலைப் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்தவன் என்ற முறையில் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். நேற்று இரவும் இன்று காலையும் என்ன சாப்பிட்டாய்? வழியில் என்ன குடித்தாய்? மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் வயிற்றைப் பற்றிக் கேட்பது என் பழக்கம். இந்தக் குழுவில் முழு வசனமாக எழுத வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதும் இதற்காகத்தான். ஒற்றைச் சொல்லிலும் படக்குறியிலும் இப்படிப்பட்ட விடயங்கள் தொலைந்துவிடும்.

[மு.ப. 10:21] கவிநயா: இரவு மூன்று இடியப்பம் சாப்பிட்டேன் பெரியப்பா. காலையில் சீனி போடாத தேநீர் மட்டும் குடித்தேன். வழியில் தண்ணீர் நிறையக் குடித்தேன். இரண்டு லீற்றருக்குக் கிட்ட இருக்கும்.

[மு.ப. 10:48] தாரணி அக்கா: கவி, நான் வைத்தியசாலையில் இரவு வேலை முடிந்து இப்போதுதான் விடுதிக்கு வந்தேன். நீ எழுதியதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நீண்ட ஓட்டத்தில் உடல் முக்கியமாகத் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்தைத்தான் எரிக்கிறது. இரவு நித்திரையிலேயே ஈரலில் இருப்பதில் ஒரு பகுதி செலவாகிவிடும். நீ அதை நிரப்பாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறாய். இரத்தத்தில் குளுக்கோசு இறங்கினால் கால் மட்டும் தளர்வதில்லை. மூளையும் குளுக்கோசை நம்பித்தான் இருக்கிறது, ஆகவே எரிச்சலும் அவநம்பிக்கையும் அழுகையும் காரணமின்றி வரும். மரதன் ஓடுபவர்கள் 30 கிலோமீற்றரைத் தாண்டும்போது ஒரு சுவரில் மோதியது போல உணர்வதாகச் சொல்வதும் பெரும்பாலும் இதனால்தான். உனக்கு அந்தச் சுவர் முன்னதாகவே வந்துவிட்டது. "நீ எந்தக் காலத்திலும் ஓடப்போவதில்லை" என்று உனக்குள் பேசியது உன் மனத்துணிவின் குறைவு அல்ல, பசி.

[மு.ப. 10:55] தாரணி அக்கா: இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். வியர்வையில் உப்புப் போய்க்கொண்டிருக்க, வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகவும் முடியலாம். அடுத்த முறை உப்பும் சீனியும் கலந்த ஒரு ஜீவனித் தூள் பைக்கற்றை, அதில் எழுதியிருக்கும் அளவுப்படி ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து ஆரூரனிடம் கொடுத்துவிடு. தாகத்துக்கு ஏற்றபடி குடி. முதல் முக்கால் மணி நேரம் கழிந்ததும் ஓர் இதரை வாழைப்பழமோ ஒரு துண்டு பனங்கட்டியோ எடுத்து, பிறகும் இடைக்கிடை எடுத்துக்கொண்டே இரு. பசித்த பிறகு சாப்பிடலாம் என்று காத்திருக்காதே. அப்போது நேரம் பிந்திவிடும். தலைச்சுற்று, குளிர் நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் வந்தால் எந்தத் துணிவும் வேண்டாம், உடனே நிழலில் இரு. அந்த நேரத்தில் நிற்பது தோல்வி அல்ல.

[மு.ப. 11:20] ஆரூரன்: பெரியப்பா, பிழை என்னிடமும் இருக்கிறது. அக்கா முகம் வாடியதைக் கண்டதும் மோட்டார் சைக்கிளைப் பக்கத்தில் கொண்டுபோய், "இன்னும் பன்னிரண்டு கிலோமீற்றர்தான் அக்கா" என்று சொன்னேன். உற்சாகப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு நூறு மீற்றர்கூட ஓடியிருக்க மாட்டா, மதகில் இருந்துவிட்டா.

[மு.ப. 11:24] கவிநயா: உண்மைதான். பன்னிரண்டு என்ற எண்ணைக் கேட்டதும் வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது போல இருந்தது. சப்பாத்துக்குள் நுழைந்திருந்த புழுதி, பக்கத்தால் அடித்த சோளகம், கழுத்தில் ஏறிய வெயில் எல்லாம் அந்த ஒரு நொடியில்தான் எனக்குத் தெரிந்தன. அதுவரை அவையும் இருந்தன, ஆனால் நான் அவற்றைக் கணக்கெடுக்கவில்லை.

[பி.ப. 12:05] பெரியப்பா: இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். ஆரூரன், நீ அன்பினால் சொன்னாய், அதனால் உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் "தான்" என்ற சொல்லை நான் என் மாணவர்களிடம் ஒருபோதும் பாவிக்கவிட்டதில்லை. களைத்த ஒருத்திக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் என்பது பன்னிரண்டு கிலோமீற்றரே. அதைச் சின்னதாகக் காட்ட முயன்றால், தன் களைப்பு மற்றவருக்கு விளங்கவில்லை என்று அவள் நினைப்பாள். ஓடுகிறவளுக்குக் கொக்காவில் கோபுரத்தைக் காட்டாதே. 170 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கோபுரம் நேர் வீதியில் ஒரு மணி நேரத்துக்கு முன்பே தெரியும், கிட்ட வரவே வராது. அடுத்த கிலோமீற்றர்க் கல்லைக் காட்டு. அது வந்ததும் அதற்கடுத்த கல்லைக் காட்டு.

நல்ல மனநிலை என்றால் வலி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் இளம் வயதில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். "எனக்குக் களைக்கவில்லை, எனக்குக் களைக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு ஓடச் சொன்னேன். நான்காவது சுற்றில் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றார்கள். தன் உடம்புக்குத் தெரிந்த பொய்யை எவராலும் நெடுந்தூரம் சுமக்க முடியாது. பிறகு சொல்லை மாற்றினேன்: "களைத்துவிட்டேன், கால் இன்னும் ஓடுகிறது." இரண்டு பகுதியும் உண்மை. அந்தச் சொல்லோடு ஓடிய பிள்ளைகள் பெரும்பாலும் முடித்தார்கள். வெற்றி பெற்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, முடித்தார்கள்.

[பி.ப. 12:20] பெரியப்பா: ஒவ்வொரு வருடமும் விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் நான் சொல்லும் கதை உனக்கும் தெரியும், ஆயினும் இன்று மறுபடி சொல்ல வேண்டும். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் நமது நாட்டு வீரர் கருணானந்தா 67ஆம் இலக்கத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு 10,000 மீற்றர் ஓடினார். ஒரு சுற்று 400 மீற்றராக 25 சுற்றுகள். அமெரிக்க வீரர் பில்லி மில்ஸ் தங்கம் வென்றார், மற்றவர்களும் ஓடி முடித்தார்கள், இவருக்கோ இன்னும் சுற்றுகள் மீதமிருந்தன. அத்தனை பெரிய அரங்கில் தன்னந்தனியாக ஓடினார். பார்த்துக்கொண்டிருந்த யப்பானிய மக்கள் கடைசியில் வென்றவருக்குத் தட்டியது போலக் கைதட்டினார்கள். பின்னர் அவரது ஓட்டம் அந்த நாட்டுப் பாடநூலிலும் இடம்பெற்றது. ஆனால் நான் பிள்ளைகளிடம் கேட்பது கைதட்டலைப் பற்றி அல்ல. கைதட்டல் தொடங்குவதற்கு முன்னர், எல்லோரும் தன்னை முந்திப் போன பிறகு, அந்த மனிதர் தனக்குள் எதை எண்ணிக்கொண்டிருந்திருப்பார் என்று கேட்பேன். ஒரு வருடம் பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "சுற்றை எண்ணியிருப்பார் ஐயா" என்றாள். அதைவிடச் சரியான பதிலை இன்று வரை நான் கேட்கவில்லை.

[பி.ப. 5:45] சுதன் மாமா: இங்கே ரொறன்ரோவில் இப்போது காலை நேரம். அண்ணா எழுதியதை வாசித்துவிட்டு என் பங்குக்கும் எழுதுகிறேன். நான் முதல் மரதனை ஓடியபோது எனக்கும் உள்ளே ஒரு குரல் இப்படித்தான் பேசியது மருமகள். அதன் பிறகு இதைப் பற்றி நிறைய வாசித்தேன். 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், 24 பேரைக் களைத்து நிற்கும் வரை கடினமாகச் சைக்கிள் மிதிக்கச் செய்து பார்த்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சொற்களைத் தெரிந்தெடுத்து இரண்டு வாரம் பழகச் சொன்னார்கள். பழகியவர்கள் முன்பைவிட ஏறத்தாழ 18 வீதம் கூடுதலான நேரம் மிதித்தார்கள். மற்றவர்களிடம் அப்படியொரு மாற்றம் இல்லை. எனக்குப் பிடித்த விடயம் என்னவென்றால், நடுப்பகுதிக்கு ஒரு வகைச் சொல்லும், தாங்க முடியாத கடைசிப் பகுதிக்கு வேறொரு வகைச் சொல்லும் அவர்கள் வைத்திருந்தார்கள். சொல்லை அந்த நேரத்தில் தேடக்கூடாது. வீட்டிலேயே எழுதி, நாவுக்குப் பழக்கிக்கொண்டு போக வேண்டும்.

2019இல் வியன்னாவில் 42.195 கிலோமீற்றரை 1 மணி 59 நிமிடம் 40 செக்கனில் ஓடிய கென்யாவின் கிப்சோகே, மிகவும் நோகும் இடத்தில் வேண்டுமென்றே புன்னகைப்பவர். அதை நான் முதலில் வெறும் பழக்கம் என்றே நினைத்தேன். முகத்தைச் சுழித்தபடி ஓடுவதைவிடப் புன்னகைத்தபடி ஓடும்போது உடல் எடுக்கும் ஒட்சிசன் ஏறத்தாழ 2.8 வீதம் குறைந்ததாக 2018இல் ஓர் ஆய்வு கண்டது. முகம் இறுகினால் தோளும் இறுகும், தோள் இறுகினால் மூச்சும் இறுகும் என்று நினைக்கிறேன். ஒருமுறை செய்து பார்.

[பி.ப. 7:30] அம்மா: நானும் ஒன்று எழுத வேண்டும். எனக்கு ஓட்டத்தைப் பற்றித் தெரியாது. 1996இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன் பக்கமாக நாங்கள் நடந்தபோது எனக்கு உன்னைவிட வயது குறைவு. தம்பி சுதனை ஒரு கையில் பிடித்து, தலையில் ஒரு மூட்டையும் வைத்திருந்தேன். அந்தப் பாலை மரம் மட்டும், அந்த வளைவு மட்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் அவனை நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். ஆகவே பெரியத்தான் சொன்னது எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் அந்த நடையையும் உன் ஓட்டத்தையும் ஒன்றாக வைக்க எனக்கு விருப்பமில்லை. அன்று நின்றுவிட எங்களுக்கு வழி இருக்கவில்லை, திரும்பிப் போக வீடும் இருக்கவில்லை. உன்னை ஒருவரும் துரத்தவில்லை. நீயாக விரும்பி எழும்பி, நீயாகச் சப்பாத்துக் கட்டி, முன்னால் வீடு இருக்கும் திசையில் ஓடுகிறாய். நோகும்போது அதை ஒருதரம் நினைத்துப் பார். அந்த வீதியில் நீ விருப்பத்தோடு களைப்பதைக் காண எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது என்று நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

[பி.ப. 7:58] சுதன் மாமா: அக்கா, எனக்கு அந்த மரங்கள் ஞாபகம் இருக்கின்றன. உங்கள் கைப்பிடியும் ஞாபகம் இருக்கிறது.

[பி.ப. 8:40] கவிநயா: எல்லோருடைய செய்தியையும் இரண்டு முறை வாசித்தேன். இரண்டு சொற்களை எழுதி வைத்திருக்கிறேன். நடுப்பகுதிக்கு, "அடுத்த கல்." கடைசிக்குப் பெரியப்பாவின் சொல், "களைத்துவிட்டேன், கால் இன்னும் ஓடுகிறது." அடுத்த ஞாயிறு அதே வீதியில் மறுபடி ஓடுகிறேன் அம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை

[மு.ப. 8:50] கவிநயா: முறிகண்டியில் நின்று எழுதுகிறேன். சொன்னபடி சாப்பிட்டேன், குடித்தேன். ஆனாலும் அந்த மதகு வந்ததும் அதே எண்ணம் அதே சொற்களோடு வந்தது. எனக்காக அங்கேயே காத்திருந்தது போல இருந்தது. இந்த முறை அதனோடு வாதாடவில்லை. "களைத்துவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் ஏனோ தோள் இரண்டும் இறங்கின. ஆரூரன் தூரத்தைச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் போய் நின்று அதன் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கொக்காவிலுக்குப் பிறகு இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதால் பத்து நிமிடம் நடக்க வேண்டியிருந்தது, பிறகு மெதுவாக ஓடினேன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் கடையின் வாங்கில் காலை நீட்டி இருக்கிறேன். இரணைமடுச் சந்தி வரை இன்று போகப்போவதில்லை. ஆனால் இன்று நிற்பதை நான்தான் முடிவு செய்தேன்.

[மு.ப. 8:56] அம்மா: சரி பிள்ளை. வெயிலில் இராதே, ஆறுதலாக வாருங்கள்.

[மு.ப. 9:05] பெரியப்பா: நல்லது மகள். நாளைக் காலை கட்டிலால் இறங்கும்போது அந்தக் கெண்டைக்கால் ஓரிடத்தில் மட்டும் குத்துகிறதா, அல்லது முழுவதும் விறைப்பாக இருக்கிறதா என்று பார்த்து எழுது. விறைப்பு என்றால் புதன்கிழமை குளக்கட்டில் நடக்கலாம். குத்து என்றால் இந்த வாரம் ஓட்டமே வேண்டாம், தாரணியிடம் காட்டு.