பழைய ஸ்க்ரூ ஸ்பேனர்: காலம் கண்டுபிடிப்பது எப்படி?

திருகுமரை:
வணக்கம் நண்பர்களே. கையில் இரண்டு பழைய ஸ்பேனர்கள் இருக்கின்றன. ஒன்று மரக்கைப்பிடி போட்டது, 12 அங்குலம். தாடைகள் தண்டுக்கு நேர் செங்குத்தாக நிற்கின்றன. 'எல். கோஸ் அண்ட் கோ' என்று பாதி தேய்ந்த எழுத்து, பக்கத்தில் 'பேட்டன்ட்' என்ற சொல், ஒரு தேதி. இன்னொன்று முழு இரும்பு, 8 அங்குலம், தலை சாய்ந்த வகை, 'கிரெசென்ட் டூல் கோ, ஜேம்ஸ்டவுன்'. முலாம் அங்கங்கே உரிந்திருக்கிறது. இவை எந்தக் காலத்தவை? பாகங்கள் எல்லாம் அசல்தானா? எழுத்து அழியாமல் துருவை எப்படி எடுப்பது?

பழையஇரும்பு:
பேட்டன்ட் தேதியைத் தயாரித்த தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'இதற்கு முன்னால் செய்ததல்ல' என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. பேட்டன்ட் முடிந்த பிறகும் அதே அச்சை அடித்துக்கொண்டே இருப்பார்கள். காலத்தைச் சுருக்கித் தருவது கம்பெனிப் பெயர்தான்.

லோரிங் கோஸ் அமெரிக்காவின் ஊஸ்டர் நகரத்துக்காரர். கைப்பிடியைப் பிடித்த அதே கையின் கட்டைவிரலால் திருகை உருட்டும் அமைப்புக்கு 1841இல் பேட்டன்ட் வாங்கினார். தம்பியோடு சேர்ந்து நடத்திய தொழில் 1869இல் பிரிந்தபோது 'எல். கோஸ் அண்ட் கோ' வந்தது. 1888இல் அது 'கோஸ் ரெஞ்ச் கம்பெனி' ஆனது. ஆக உங்களுடையது ஏறக்குறைய இந்த இரண்டு வருடங்களுக்கு நடுவில்.

தேதி தேய்ந்திருந்தால் ஒரு வழி உண்டு: அக்காலத்து அமெரிக்க பேட்டன்ட்கள் செவ்வாய்க்கிழமையில்தான் வெளியாயின. படிக்க முடிந்ததை அந்த வருடத்து நாள்காட்டியில் வைத்துப் பாருங்கள், பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். தேதிக்குப் பதில் எண் மட்டும் இருக்கும் ஸ்பேனர்களுக்கு: 10 லட்சமாவது பேட்டன்ட் 1911, 20 லட்சமாவது 1935.

கிரெசென்ட் கம்பெனி தொடங்கியது 1907. முலாம் லேசாக மஞ்சள் சாயல் அடித்தால் நிக்கல், நீலச் சாயல் அடித்தால் குரோம். கருவிகளில் குரோம் 1920களின் பிற்பகுதிக்குப் பிறகுதான் பரவலானது. பின்னாளில் யாராவது புது முலாம் போட்டிருந்தால் இந்தக் கணக்கு தப்பும். பள்ளத்துக்குள்ளும் எழுத்துக்குள்ளும் முலாம் தடிப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தாடைக்காரன்:
அசலா என்ற கேள்விக்கு முதலில் நகரும் தாடையைக் கவனியுங்கள். அதிகம் உடைவதும் மாற்றப்படுவதும் அதுதான். இரண்டு தாடையையும் மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஆப்பு வடிவில் வெளிச்சம் தெரிந்தால் தாடை விரிந்திருக்கிறது, அல்லது வேறு ஸ்பேனரிலிருந்து வந்தது. இரண்டின் நிறமும் துருப்பள்ளமும் ஒத்துப்போக வேண்டும்.

கிரெசென்ட் வகையில் உருளைத் திருகைத் தாங்கும் ஊசியைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம். சில தயாரிப்பாளர்கள் இடமரை, அதாவது எதிர்த் திசையில் திருகும் மரை, போட்டிருப்பார்கள். வழக்கமான திசையில் முறுக்கினால் இன்னும் இறுகி, தலையிலுள்ள காடி சிதைந்துவிடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு திசையிலும் மெதுவாக முயலுங்கள்.

மரக்கைப்பிடியில் தண்டின் நுனியில் இருக்கும் நட்டும், மேலே உள்ள உலோக வளையமும் பார்க்க வேண்டியவை. வளையம் பிதுங்கிப் பின்னால் தள்ளப்பட்டிருந்தால் கைப்பிடிக்குக் குழாய் மாட்டி முறுக்கியிருக்கிறார்கள். அப்படியானால் தண்டும் வளைந்திருக்கும், அளவுகோலை வைத்துப் பாருங்கள். தலையின் பின்புறம் நசுங்கியிருந்தால் சுத்தியலாகப் பயன்பட்டது என்று அர்த்தம். அதை அரத்தால் தேய்த்துச் சரிசெய்தால் மதிப்புதான் குறையும்.

பழையஇரும்பு:
துருவுக்கு வருவோம். சுழலும் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், எழுத்தின் விளிம்பை முதலில் தின்பது அதுதான். வினிகரில் இரவு முழுக்கப் போடுவதும் நல்ல இரும்பை அரித்து எழுத்தை மங்கச் செய்யும்.

மின்னாற்பகுப்புதான், அதாவது சோடா கரைத்த தண்ணீரில் மின்சாரம் செலுத்தித் துருவை எடுப்பதுதான், பாதுகாப்பானது. பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் சார்ஜரின் மைனஸ் ஸ்பேனருக்கு, பிளஸ் வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் கரைவது ஸ்பேனர்! தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக் கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள். சார்ஜரை அணைத்த பிறகே கம்பியைத் தொடுங்கள். எடுத்ததும் கழுவி, உடனே துடைத்துச் சூடாக்கி உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். தாமதித்தால் சில நிமிடங்களிலேயே புதுத் துரு பிடிக்கும்.

உங்கள் கிரெசென்டை இதில் போடாதீர்கள், முலாம் இன்னும் உரியும். எண்ணெயும் மிக மெல்லிய எஃகு நாரும் போதும். கோஸில் மரத்தைக் கழற்ற முடியாவிட்டால் அதற்கும் இதே கை வேலைதான்.

திருகுமரை:
நன்றி. எண்ணெய் போட்டுத் துடைத்து, எழுத்தில் சாக்பீஸ் தூள் தேய்த்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். 'ஜூலை, 1880' தெளிவாக இருக்கிறது. நாள் 6ஆ 8ஆ என்றுதான் தெரியவில்லை.

பழையஇரும்பு:
1880 ஜூலை 8 வியாழன். 6தான் செவ்வாய். அந்தத் தேதியும் 'எல். கோஸ் அண்ட் கோ' பெயரும் சேர்ந்தால் 1880க்கும் 1888க்கும் இடையில், பழைய முத்திரையைச் சற்றுக் காலம் தொடர்ந்திருந்தால் ஓரிரு வருடம் கூடலாம். மரத்துக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக ஒரு பூச்சு போதும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், சுருட்டினால் தானாகவே தீப்பிடிக்கும்.