கவுண்டிக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

கலிஃபோர்னியா, திங்கள் இரவு

நண்பர்களே, அவசரம். ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெரியவர்களுக்காக எங்கள் தமிழ்ப் பள்ளியில் நாலு பக்கக் கையேடு போடுகிறோம். சாண்டா கிளாரா கவுண்டி (county, இங்கே மாநிலத்தின் உட்பிரிவு) அலுவலகங்களில் எதற்கு எங்கே போக வேண்டும் என்பதுதான் விஷயம்: பிறப்பு இறப்புச் சான்றிதழ், திருமண உரிமம், வீட்டுப் பத்திரம் பதிவது, சொத்து வரி, மெடிகால் என்ற அரசு மருத்துவ உதவிக்கு விண்ணப்பம். முதல் வரைவில் "மாவட்டம்" என்று போட்டிருந்தேன். என் மாமனார் படித்துவிட்டு "இங்கே கலெக்டர் யாரம்மா?" என்றார். அப்படி ஒருவர் இல்லை மாமா, ஜனங்கள் ஓட்டுப் போட்டு எடுத்த ஐந்து பேர்தான் நடத்துகிறார்கள் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, அந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு டிஸ்ட்ரிக்டிலிருந்து வருகிறவர்கள். என் வரைவுப்படி சாண்டா கிளாரா மாவட்டத்துக்குள் ஐந்து மாவட்டங்கள்! பள்ளி டிஸ்ட்ரிக்ட், தண்ணீர் டிஸ்ட்ரிக்ட் எல்லாம் தனி. ஒரு நல்ல சொல் கொடுங்கள்.

கோவை, செவ்வாய் காலை

அம்மணி, சொல் கையிலேயே இருக்கிறது. தொண்டை மண்டலத்தில் 24 கோட்டங்கள் இருந்தன. கோட்டம் என்று போடுங்கள். கோட்டம் பிடிக்காவிட்டால் சோழர் காலத்துக் கூற்றம் இருக்கிறது. ஆனால் மூலத்தைப் பார்த்தால் இரண்டுமே போதாது. கவுண்டிக்கு வேர் லத்தீனில் 'கோமெஸ்', அதாவது கூடப் போகிறவன், அரசனின் துணைவன். நம் கல்வெட்டுகளில் 'உடன்கூட்டத்து அதிகாரி' வருகிறாரே, கிட்டத்தட்ட அவர்தான். எனவே உடன் + நாடு = உடனாடு. 'உடன்னாடு' என்று யாரும் எழுத வேண்டாம். தனிக்குறிலை அடுத்து வராத னகரம் இந்த இடத்தில் கெடும், நன்னூல் படித்தவர்களுக்குத் தெரியும்.

ஸ்கார்பரோ (கனடா), செவ்வாய் மதியம்

ஐயா, கூற்றம் என்றால் யமன் அல்லவா? "இறப்புச் சான்றிதழ் வேண்டுவோர் கூற்றத்தின் அலுவலகத்தை அணுகவும்" என்று அச்சடித்தால் எந்தக் கிழவர் போவார்? கோட்டமும் சரிவராது. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொற்கோட்டம், உட்கோட்டம் என்று கோணலைத்தானே சொல்கிறார். அது போகட்டும், தமிழ்நாட்டிலேயே வருவாய்க் கோட்டம் மாவட்டத்துக்குக் கீழே இருப்பது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் இந்த வேலைகளுக்கெல்லாம் "கச்சேரிக்குப் போறன்" என்றுதான் சொல்வோம். ஒரு சொல்லில் அலுவலகமும் வந்துவிடும், வேலையும் வந்துவிடும். இன்னொன்று, சான்றிதழ் என்கிறீர்கள், எங்களுக்கு அது அத்தாட்சிப் பத்திரம். கையேட்டில் இரண்டையும் போட்டால் எங்கள் ஆட்களுக்கும் விளங்கும்.

கோவை, செவ்வாய் மாலை

கச்சேரி உருதுச் சொல். நீதிமன்றம், அலுவலகம் என்ற பொருளில் உள்ளே வந்தது. தாலுக்கா கச்சேரி என்று எங்கள் தாத்தாவும் சொல்லியிருக்கிறார், மறுக்கவில்லை. அது எப்படிப் பாட்டுக்குப் போனது என்பது தனிக்கதை, நாளை எழுதுகிறேன்.

ஹார்ட்ஃபோர்ட், செவ்வாய் இரவு

எழுத வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை வந்துவிடும். இந்தச் சண்டையில் எனக்குப் பங்கே இல்லை. எங்கள் கனெக்டிகட் மாநிலத்தில் 1960-லேயே கவுண்டி அரசை ஒழித்துவிட்டார்கள், பெயர் மட்டும் வரைபடத்தில் இருக்கிறது. லூசியானாவில் அதற்குப் பாரிஷ் என்று பெயர், அலாஸ்காவில் பரோ. அமெரிக்காக்காரனே ஒரு சொல்லில் நிற்காதபோது நாம் ஏன் சோழனை எழுப்ப வேண்டும்? பெயர்ப்பலகையில் கவுண்டி, வரி நோட்டீசில் கவுண்டி, போனை எடுப்பவர் சொல்வதும் கவுண்டி. அப்படியே எழுதுங்கள். வடசொல்லுக்கே வடவெழுத்தை விட்டுவிட்டு வா என்று வழி சொன்னவர் தொல்காப்பியர், இதற்கும் கதவைச் சாத்தமாட்டார்.

கோவை, புதன் காலை

தொல்காப்பியரை எல்லாரும் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறீர்கள். கோவையில் உட்கார்ந்து "கவுண்டி அலுவலகம்" என்று படிப்பவன் யார் வீட்டைத் தேடிப் போவான் என்று யோசித்தீர்களா? பாதிப் பேர் டிக்கெட் கவுண்டர் என்று நினைப்பார்கள்.

கலிஃபோர்னியா, புதன் இரவு

ஐயா, கோவையில் இருப்பவர்களுக்காக அல்ல இந்தக் கையேடு. போன டிசம்பர் 9-ம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். மாமனார் சொத்து வரிக் காசோலையை ஒரு பழுப்பு உறையில் போட்டு, மேலே நீல மையில் "வீட்டு வரி" என்று எழுதிக்கொண்டு, தானாகவே பஸ் ஏறி நகர அலுவலகத்துக்குப் போய்விட்டார். ஊரில் நாற்பது வருஷம் மாநகராட்சியில் கட்டியவர், வேறெங்கே போவார்? அங்கே வரிசையில் நின்று, இது இங்கே இல்லை, கவுண்டியில் கட்ட வேண்டும் என்று சொல்லக் கேட்டுத் திரும்பி வந்தார். முதல் தவணைக்கு மறுநாள்தான் கடைசி, தவறினால் பத்து சதவீதம் அபராதம். வேடிக்கை என்னவென்றால் கலிஃபோர்னியாவில் வரி வசூலிக்கிறவருக்கு டாக்ஸ் கலெக்டர் என்றுதான் பெயர். 1772-ல் கம்பெனிக்காரன் கலெக்டரை உண்டாக்கியதும் வசூலுக்குத்தான். அதனால் கலெக்டர் இல்லை என்று நான் மாமாவிடம் சொன்னது பாதிப் பொய்.

அவர் கையில் இருந்த தாளில் கவுண்டி என்ற சொல் இருந்தது. கையேட்டில் உடனாடு என்று இருந்தால் இரண்டையும் எப்படிப் பொருத்திப் பார்ப்பார்?

இன்னொரு சிக்கல், இதற்கும் உதவுங்கள். பத்திரம் பதிகிற ரெக்கார்டர், வாக்காளர் பட்டியல் வைத்திருக்கிற ரெஜிஸ்ட்ரார் இருவரையும் பதிவாளர் என்று எழுதிவைத்திருக்கிறேன். பத்திரத்தோடு ஓட்டு ஆபீசுக்குப் போய் நிற்பார்கள்.

ஸ்கார்பரோ, வியாழன்

ஆவணப் பதிவகம், வாக்காளர் பதிவகம். ஆளை விட்டுவிட்டு இடத்தைச் சொல்லுங்கள், போகிறவருக்கு இடம்தான் வேண்டும். திருமண உரிமத்துக்குப் பக்கத்தில் "90 நாளுக்குள் கல்யாணம் முடிய வேண்டும்" என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். நல்ல நாள் பார்க்கிறவர்கள் உரிமத்தை முதலில் வாங்கி வைத்துவிட்டு அப்புறம் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார்கள். கச்சேரியை நான் விட்டுக்கொடுக்கிறேன், மனமில்லாமல்தான்.

கலிஃபோர்னியா, வெள்ளி காலை

பதிவகம் இரண்டையும் எடுத்துக்கொண்டேன், நன்றி அக்கா. கவுண்டிக்கு மூன்று பேர், உடனாட்டுக்கு ஐயா ஒருவர். மற்றவர்கள் பதில் போடவில்லை, சலித்துவிட்டார்கள் போல. முதல் பக்கத்தில் மட்டும் "கவுண்டி, அதாவது நகராட்சிக்கு மேலே, மாநிலத்துக்குக் கீழே உள்ள அரசு" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

கோவை, வெள்ளி மாலை

போகட்டும். ஆனால் கவுண்டி என்று எழுதினீர்களா, கௌண்டி என்று எழுதினீர்களா? ஔகாரம் இருக்கும்போது அதை ஏன் உடைத்து எழுத வேண்டும்?