ஓசூரில் வீடு வாங்க எந்தப் பக்கம் நல்லது: ஹட்கோவா, மத்திகிரியா, பாகலூர் சாலையா?

கேள்வி (தர்மபுரிக்காரர்):
வணக்கம். தர்மபுரியில் வாடகைக்கு இருக்கும் எங்கள் குடும்பம் ஓசூருக்குக் குடிபெயர வேண்டியுள்ளது. எனக்குச் சிப்காட்டில் வேலை. மனைவி நாள்தோறும் பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டிக்குச் சென்று வர வேண்டும். மகள் ஆறாம் வகுப்பில் சேர இருக்கிறாள். பார்த்த தரகர்கள் அனைவரும் தாங்கள் காட்டும் இடமே நல்ல ஏரியா என்கிறார்கள். ஆனால் ஒரே அளவுள்ள மனைக்கு ஒரு பக்கம் சொல்லும் விலையும் மறுபக்கம் சொல்லும் விலையும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கின்றன. இந்த வேறுபாட்டிற்கு என்ன காரணம்? எந்தப் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும்? அங்கேயே வசிப்பவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி (ஹட்கோவாசி):
ஓசூர் மாநகராட்சியானது 2019-இல்தான். அதற்கு முன்பே மத்திகிரி பேரூராட்சியும், ஜூஜுவாடி, மூக்கண்டப்பள்ளி போன்ற ஊராட்சிகளும் நகராட்சியோடு இணைக்கப்பட்டுவிட்டன. ஆகவே ஒரே மாநகராட்சிக்குள் திட்டமிட்டுப் பிரித்த மனைகளும் இருக்கின்றன, வயலை அப்படியே கூறுபோட்டு விற்ற மனைகளும் இருக்கின்றன. நீங்கள் பார்த்த விலை வேறுபாட்டில் பெரும்பகுதி இதனால் வருவதே. ஹட்கோ என்று அழைக்கப்படும் வீட்டுவசதி வாரியப் பகுதிகளில் தெருக்கள் நேராகவும் அகலமாகவும் உள்ளன. பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் பூங்காவாகவே இருக்கிறது. ஆனால் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் பழைய வீடுகள். பிரதான தெருக்களில் தரைத்தளங்கள் கடைகளாகவும் மருத்துவமனைகளாகவும் மாறிவிட்டதால் வாகனம் நிறுத்துவதில் நாள்தோறும் தகராறு. உட்புறத் தெருக்களில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து.

மறுமொழி (மத்திகிரி, ஓய்வுபெற்றவர்):
தம்பி, அமைதியும் காற்றும் வேண்டுமென்றால் மத்திகிரிக்கு ஈடில்லை. 1824-இல் தொடங்கப்பட்ட கால்நடைப் பண்ணையின் நிலம் பரந்து கிடப்பதால் கோடையிலும் மாலையில் குளிர்ச்சி இருக்கும். ஆயினும் உங்கள் குடும்பத்திற்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. காலையில் ஊருக்குள் வந்து நெரிசலைக் கடந்த பிறகே உங்கள் மனைவி நெடுஞ்சாலையை அடைய முடியும். மாலையிலும் அதே பாடு. என்னைப் போல் வேலை முடித்தவர்களுக்கு இது உகந்த இடம்.

மறுமொழி (பாகலூர் சாலை):
ஏரியாவின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். தெருவுக்குத் தெரு நிலைமை மாறுகிறது. முதலில் தண்ணீரைப் பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது என்பது தர்மபுரிக்காரரான உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த இணைப்பு உள்ள தெருவும், போர்வெல்லையும் டேங்கரையும் மட்டுமே நம்பியுள்ள தெருவும் அடுத்தடுத்து இருக்கின்றன. வீடு பார்க்கும்போது குளியலறைக் குழாயின் வாயைக் கவனியுங்கள். வெள்ளையாக உப்பு படிந்து கெட்டியாக இருந்தால், எத்தனை அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தாலும் அது உப்புத் தண்ணீர் வீடுதான்.

அடுத்தது தாழ்வான நிலம். இங்குள்ள ஏரிகளில் ஒன்று நிரம்பினால் உபரி நீர் ஓடை வழியாக அடுத்ததற்குச் செல்ல வேண்டும். அந்த ஓடைகளை மூடி எழுந்த மனைப்பிரிவுகளில் ஒரு பலத்த மழைக்கே தெரு குளமாகிவிடுகிறது. காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் செம்மண் கறை கோடாக ஓடினால் அங்கிருந்து திரும்பிவிடுங்கள். சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, கிராம வரைபடத்தில் ஓடை எங்கே செல்கிறது என்று பாருங்கள். கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டை அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம்; புறம்போக்கா பட்டா நிலமா என்பது அதில் தெரிந்துவிடும். அங்கீகாரம் இல்லாத மனை என்றால், 20.10.2016-க்குப் பிறகு உருவான மனைப்பிரிவுகளுக்கு, அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்தில் இடமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் பக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாகலூர் சாலையில் புதிய வீடுகள் நிறைய உள்ளன. சர்ஜாப்பூர் பக்கம் வேலைக்குச் செல்பவர்களுக்கு வசதி. ஆனால் தென்பெண்ணையில் பெங்களூரின் கழிவுநீர் கலந்து வருவதால் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் நாட்களில், ஆற்றுக்கு அருகிலுள்ள இடங்களில் நாற்றத்தைத் தாங்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. மத்திகிரி ஐயா சொன்னதை மனைவியும் ஒப்புக்கொண்டார். 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டதால், நெடுஞ்சாலைப் பக்கமாக ஜூஜுவாடியிலோ மூக்கண்டப்பள்ளியிலோ பார்க்கலாம் என்று நினைக்கிறோம். ஒரு வீட்டு உரிமையாளர் ஒகேனக்கல் இணைப்பு இருப்பதாகச் சொல்கிறார். அதை எப்படி உறுதி செய்வது?

மறுமொழி (பாகலூர் சாலை):
குடிநீர்க் கட்டணம் செலுத்திய ரசீதையும் சொத்துவரி ரசீதையும் கேளுங்கள். இரண்டிலும் அதே வீட்டு முகவரி இருக்க வேண்டும். தண்ணீர் விடும் நாளைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டறிந்து, அன்று காலையில் நேரில் சென்று சம்புக்குள் (தரைக்கடித் தொட்டிக்குள்) தண்ணீர் விழுகிறதா என்று பாருங்கள். மூக்கண்டப்பள்ளியில் தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய தெருக்களை மட்டும் இரவு ஷிஃப்ட் நடக்கும் நேரத்தில் ஒருமுறை சென்று பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.