மயக்க ஊசி போட இன்னொரு படிப்பா? (மலேசியா, சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்து மக்கள் குழு)

பழைய டிரஸ்ஸர்: கோயில் வாசலில் பேனர் பார்த்தேன். நம் தோட்டத்துப் பிள்ளை, மயக்க மருந்து நிபுணர், நெஞ்சு அறுவைக்கு மயக்கம் கொடுப்பதற்கென்றே ஒரு வருட ஃபெல்லோஷிப்புக்கு வெளிநாடு போகிறாராம். வாழ்த்துகள். ஆனால் 4 வருடம் மாஸ்டர்ஸ் முடித்தவருக்கு மறுபடியும் எதற்குப் படிப்பு? ஊசி போட்டால் ஆள் தூங்கப் போகிறான். 31 வருடம் தோட்டத்து கிளினிக்கில் இருந்தவன் கேட்கிறேன்.

ஓ.டி. மலர்: ஆபரேஷன் தியேட்டரில் நிற்பவள் சொல்கிறேன், தூங்க வைப்பது சுலபம் ஐயா. ஒரு நுரையீரலைச் சுருங்கவிட்டு, மற்றதை மட்டும் வைத்து ஆளைக் காப்பாற்றுவதுதான் வேலை. அதற்கு இரட்டைக் குழாய் போடுவார்கள். பலூன் வைத்த நுனி பெரும்பாலும் மூச்சுக்குழாயின் இடது கிளைக்குள் போகும்.

பழைய டிரஸ்ஸர்: இடதா? தங்கச்சி, வலது கிளைதான் அகலம், வலதுதான் நேர். கச்சாங் (வேர்க்கடலை) மூச்சுக்குழாயில் போன பிள்ளைக்குப் பெரும்பாலும் வலது பக்கம்தான் அடைக்கும். நானே எத்தனை பேரை ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு வேனில் ஏற்றியிருக்கிறேன்!

லயத்துப் பையன்: கச்சாங்குக்கே வழி தெரிகிறது, மலரக்காவுக்குத் தெரியவில்லை 😂

ஓ.டி. மலர்: நேர்தான், யார் இல்லை என்றது? ஆனால் குட்டை. வலது கிளை பிரிந்து 2 செ.மீ. போவதற்குள் நுரையீரலின் மேல்மடலுக்குக் காற்று போகும் வாய் வந்துவிடும். அங்கே பலூனை ஊதினால் அந்த வாயே அடைபட்டுப்போகும். இடதில் 5 செ.மீ. அளவுக்கு இடம் உண்டு. அதனால் வலது நுரையீரலை வெட்டும்போதும் இடது குழாய்தான்.

பழைய டிரஸ்ஸர்: வலதை வெட்ட இடது குழாயாம்! அப்போது கச்சாங் ஏன் இடது பக்கம் அதிகம் போவதில்லை?

ஓ.டி. மலர்: கச்சாங் பலூன் ஊதிக்கொண்டு போவதில்லை ஐயா. போன மாதம் நான் நின்ற கேஸைச் சொல்கிறேன். நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பினோம், குழாய் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. ஆக்சிஜன் 98-இலிருந்து 86. டாக்டர் மெல்லிய கேமரா ஸ்கோப்பை உள்ளே விட்டார். நீலப் பலூனின் விளிம்பு பிறை மாதிரித் தெரியவேண்டும், தெரியவில்லை. குழாயை ஒரு நகக்கண் அளவு தள்ளினார், எண் ஏறியது. அந்த நகக்கண்ணுக்குத்தான் ஒரு வருடப் படிப்பு.

கிராணி பேரன்: விலாவுக்கு இடையில் வெட்டினால் வலி உயிர் போகும். மூச்சு இழுக்கவே பயப்படுவான், சளி கட்டிவிடும். முதுகெலும்பு ஓரமாக நரம்பை மரக்க வைப்பதும் அந்தப் படிப்பில் உண்டு. டிரஸ்ஸர் ஐயா காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரைதான்.

பழைய டிரஸ்ஸர்: அந்த ஒரே மாத்திரையைத் தின்றுதான் உன் அப்பன் வளர்ந்தான் தம்பி.

லயத்துப் பையன்: தோட்டத்துக் கணக்கெழுதிய கிராணி வீட்டார் நியாயம் பேசுகிறார்களா? ரப்பர் பால் நிறுக்கும்போது தராசில் கை வைத்த குடும்பம்!

கிராணி பேரன்: என் தாத்தா தராசைத் தொட்டதை நீ பார்த்தாயா? அப்போது நீ பிறந்தே இருக்கவில்லை. முதலில் பேனருக்குப் பிரித்த காசுக்குக் கணக்குச் சொல்.

லயத்துப் பையன்: கணக்கைக் கமிட்டியிடம் கேள். பேனரில் கமிட்டித் தலைவர் முகம்தான் பெரிசு, அந்த டாக்டரக்கா முகம் ஸ்டாம்பு அளவு. பால்மரம் வெட்டிப் படிக்க வைத்த அம்மா பெயரைக் காணவே காணோம்.

ஓ.டி. மலர்: இதை மட்டும் சரியாகச் சொன்னாய்.

பழைய டிரஸ்ஸர்: பேச்சை மாற்றாதீர்கள். வலது கிளை நேரா, இல்லையா?

ஓ.டி. மலர்: நேர் ஐயா, நேர்! மூன்றாவது தடவை சொல்கிறேன். இரவு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, போகிறேன்.

பழைய டிரஸ்ஸர்: பார்த்தீர்களா, ஒப்புக்கொண்டுவிட்டார். குழாயும் வலதில்தான் போகவேண்டும்.

கிராணி பேரன்: அவர் எங்கே ஒப்புக்கொண்டார்?

பழைய டிரஸ்ஸர்: மேலே போய்ப் படி. கச்சாங் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.