லெந்து முடிந்ததும் நின்றுவிடும் குடும்ப ஜெபம்: அன்றாடம் தொடர வழி என்ன?

கோவைச் செவிலி:

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமமொன்றில் வளர்ந்து, இப்போது கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். எங்கள் வீட்டில் விசேஷ நாட்களின் பக்திக்குக் குறைவில்லை. சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரையுள்ள லெந்து என்னும் தவக்காலத்தில் அசைவம் சமைப்பதில்லை. பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை முடியும்வரை எழுந்திருக்க மாட்டோம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் கிடைக்கும், புத்தாண்டுக்கான வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை ஆண்டு முழுவதும் கூடத்துச் சுவரில் இருக்கும். ஆனால் ஈஸ்டர் கழிந்த மறுவாரமே குடும்ப ஜெபம் நின்றுவிடுகிறது.

என் அம்மா வீட்டில் இரவு எட்டு மணியானால் பாய் விரித்துவிடுவார்கள். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், பரமண்டல ஜெபம். அந்த நேரத்தில் கடன் கேட்டு வந்த பக்கத்து வீட்டார்கூட உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொல்வார்கள். எனக்கோ காலை, மாலை, இரவு என்று டியூட்டி மாறிக்கொண்டே இருக்கிறது. கணவர் வீடு திரும்பும்போது பெரும்பாலும் மகள் தூங்கியிருப்பாள். மூவரும் சேர்ந்திருக்கும் நேரமே நிலையாக இல்லாத வீட்டில் அன்றாட விசுவாச வாழ்க்கையை எப்படித் தொடங்குவது? ஜெப நேரம் ஒன்றை ஒதுக்கிவிட்டால் மட்டும் அது நிறைவேறிவிடுமா என்பதையும் பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

பொருநைக்கரை:

அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதுதான் அடிப்படையானது. வேதத்தில் எத்தனையோ காரியங்களுக்கு ஒரு நாள்தான் கெடு. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த உணவாகிய மன்னா ஆளுக்கு ஓர் ஓமர் என்ற அளவு வீதம் அன்றன்றைக்குச் சேர்க்கப்பட்டது, ஓய்வுநாளுக்கு முந்தின நாள் தவிர, மறுநாளைக்கென்று மீத்து வைத்தது புழுத்து நாறியது (யாத். 16). கூலியாளின் கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுத்துவிட வேண்டும் என்கிறது உபாகமம் 24, சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணிய வேண்டும் என்கிறார் பவுல் (எபே. 4:26). ஆகவே ஜெபத்தை மட்டுமல்ல, மனிதர்களோடுள்ள கணக்கையும் அன்றன்றைக்கே தீர்ப்பதைத்தான் அன்றாட விசுவாசம் என்று நான் நம்புகிறேன். லெந்து காலத்து ஒறுத்தல் நல்லதே. ஆனால் நாற்பது நாள் பக்தியைச் சேர்த்து வைத்து மற்ற நாட்களுக்குச் செலவிட வேதம் எங்கும் வழி காட்டவில்லை.

இனி நேரத்தைப் பற்றி. பிள்ளைகளுக்குத் தேவனுடைய கட்டளைகளைக் கற்றுக்கொடுக்கச் சொல்லும் உபாகமம் 6-ஆம் அதிகாரம் மணிக்கணக்கு எதையும் குறிப்பிடவில்லை; வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது என்று செயல்களையே சொல்லுகிறது. உங்களுக்கு இது பெரிய விடுதலை. இரவுப் பணி முடிந்து பகலில் படுத்தாலும் அது படுக்கிற நேரமே.

மூவரும் பிரிந்திருக்கும் நாளுக்கு மொராவியர் என்னும் சீர்திருத்தக் கிறிஸ்தவ சபையாரின் வழக்கம் உதவும். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் 1728-இல் சின்சென்டார்ஃப் பிரபு அன்றன்றைக்கு ஒரு வசனத்தைக் கொடுக்கத் தொடங்கினார்; அது வீடு வீடாகச் சொல்லியனுப்பப்பட்டது. 1731 முதல் ஆண்டுக்கான வசனங்கள் புத்தகமாகவே அச்சாகின்றன. இன்றும் பல மொழிகளில் வெளிவருகின்றன. நீங்கள் வார்டிலும் கணவர் அலுவலகத்திலும் மகள் பள்ளியிலும் அதே ஒரு வசனத்தை வைத்திருந்தால், சேரும்போது பேச ஒன்று இருக்கும். ஆண்டுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டையைவிட இதையே நான் உயர்வாக மதிக்கிறேன், ஏனெனில் அட்டையில் வாக்குத்தத்தம் மட்டும் வருகிறது. தொடர்ந்து வாசிக்கும்போது கண்டனமும் வருகிறது.

முத்துநகர்:

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நான் கத்தோலிக்கன். எங்கள் கடற்கரை ஊர்களில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் கோவில் மணி அடிக்கும். மூவேளைச் செபம் சொல்வோம். வலை பின்னும் கை நிற்கும், முடிந்ததும் வேலை தொடரும். நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு இந்தக் குறுகிய நிறுத்தங்கள் பெரிய துணை. மனப்பாடச் செபத்தைச் சிலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. களைப்பில் சொந்த வார்த்தை வராதபோது மனப்பாடம்தான் தாங்கும்.

பணி முடிந்து பேருந்தில் வரும்போது ஆன்ம சோதனை செய்து பாருங்கள். நாளின் முடிவில் மனதைத் திரும்பிப் பார்க்கும் இப்பழக்கத்தை, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் சபையினருக்கு வற்புறுத்தினார். முதலில் நன்றி, பிறகு அன்று சந்தித்தவர்களை வரிசையாக நினைவுக்குக் கொண்டுவாருங்கள்: ஊசிக்கு அழுத குழந்தை, மூன்றாம் முறையாக அதே கேள்வியைக் கேட்ட முதியவர், தரை துடைத்த அம்மா. யாரிடம் பொறுமை இருந்தது, யாரிடம் இல்லை என்று பார்த்து, நாளைக்கு ஒன்றே ஒன்றை முடிவு செய்யுங்கள்.

தறிக்காரன்:

பொருநைக்கரை ஐயா கூலியைப் பற்றிச் சொன்னது மிகவும் சரி. நான் சிறிய விசைத்தறிக் கூடம் நடத்துகிறேன். எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை மாலை கூலி நாள். வியாபாரியிடமிருந்து பணம் வரவில்லையென்றால் அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்லிவிடுவது தொழிலில் சாதாரணம். ஞாயிறு காலை அந்தத் தொழிலாளி வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்க, நான் முன்வரிசையில் நின்று பாடுவதை என் மனம் ஒப்பவில்லை. நகையை அடகு வைத்தாவது சனிக்கிழமையே கொடுத்துவிடுவது என்று நானும் மனைவியும் தீர்மானித்திருக்கிறோம். வீட்டில் பாத்திரம் துலக்க வருபவரின் சம்பளத் தேதி, கடைக்காரரின் பாக்கி இவையெல்லாம் குடும்ப ஜெபத்தில் பேசப்பட வேண்டிய காரியங்களே.

கோவைச் செவிலி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆன்ம சோதனையை நாளை மாலைப் பணி முடிந்ததும் தொடங்குகிறேன். அன்றன்றைய வசனத்தைக் கணவர் காலையில் எங்கள் இருவருக்கும் அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். மகளுக்குப் பதின்மூன்று வயது. ஜெபத்துக்குக் கூப்பிட்டால் முகம் சுளிக்கிறாள். வற்புறுத்தலாமா?

பொருநைக்கரை:

உட்காரச் சொல்லுங்கள், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். பல வீடுகளில் குடும்ப ஜெபம் பிள்ளைகளுக்குக் கசப்பதற்கு நான் கண்ட காரணம், பெற்றோர் நேரில் திட்ட முடியாததை ஜெபத்தில் திட்டுவது: “ஆண்டவரே, இந்தப் பிள்ளை போனை விட்டுவிட்டுப் படிப்பில் கவனம் செலுத்தக் கிருபை செய்யும்” என்று அவள் காது கேட்கச் சொல்லுவோம். அதை அறவே விட்டுவிடுங்கள். முத்துநகர் சகோதரர் நன்கு அறிந்திருப்பார்: 1542-இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த மறைப்பணியாளர் புனித சவேரியார், தமிழில் கற்றுக்கொடுத்த செபங்களை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும்படி சிறுவர்களிடமே ஒப்படைத்தார். உங்கள் மகளும் வாரத்தில் ஒரு நாள் வசனத்தைத் தேர்ந்தெடுத்து, பாட்டையும் அவளே சொல்லி, அவளே ஜெபம் செய்யட்டும். அது இரண்டே வாக்கியமாக இருந்தாலும் திருத்தாதீர்கள்.