உட்கார்ந்தால் 96, நடந்தால் 86: சாச்சுரேஷன் ஏன் இறங்குகிறது?

பிசியோ_மாணவன்:
நுரையீரல் ஃபைப்ரோசிஸ் (நுரையீரல் திசு தழும்பேறித் தடிக்கும் நோய்) நோயாளி. ஓய்வில் சாச்சுரேஷன் (ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் நிரம்பிய சதவீதம்) 96. ஆறு நிமிட நடைச் சோதனையில் மூன்றாம் நிமிடமே 86. ஆனால் ரத்தப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 38 மி.மீ. பாதரசம், நார்மல். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு இரண்டும் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள ஒரே சுவரைத்தானே கடக்கின்றன? ஒன்று மட்டும் மாட்டிக்கொள்வது எப்படி?

நெஞ்சகப்பிரிவு:
நேரம்தான் விஷயம். காற்று நுண்ணறையில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 100 மி.மீ. பாதரசம், அங்கே வந்து சேரும் ரத்தத்தில் 40. நடுவே இருக்கும் சுவர் அரை மைக்ரான்கூட இருக்காது. சிவப்பணு தந்துகியை (நுண்ணறையைச் சுற்றியுள்ள மெல்லிய ரத்தக்குழாயை) கடக்க ஓய்வில் 0.75 நொடி ஆகும். நல்ல நுரையீரலில் 0.25 நொடியிலேயே ஆக்சிஜன் நிரம்பிவிடும். மிச்ச அரை நொடி கையிருப்பு. சுவர் தடித்தால் அந்தக் கையிருப்பைத் தின்றுதான் சமாளிக்கிறது, அதனால் ஓய்வில் வெளியே தெரியாது. நடந்தால் ரத்தம் வேகமெடுக்கும், அந்த நேரம் சுருங்கும். நம் நுரையீரலில் சும்மா கிடக்கும் தந்துகிகள் திறந்து ஈடுகட்டும். இவருக்கு அவற்றில் பல அழிந்திருக்கும். போதாததற்கு, தசைகள் உறிஞ்சிய பிறகு திரும்பும் ரத்தம் 40-க்கும் கீழே வரும்.

கார்பன் டை ஆக்சைடு திசுவில் நன்றாகக் கரைவதால் சுமார் 20 மடங்கு சுலபமாகக் கடக்கும். 45-க்கும் 40-க்கும் உள்ள சின்ன வித்தியாசமே அதற்குப் போதும்.

ஐசியூ_நைட்ஷிஃப்ட்:
சார் சொன்னது சரி, ஆனால் எல்லாப் பழியையும் சுவர் மேல் போடாதீங்க. ஓய்வில் ஆக்சிஜன் குறைந்தால் பெரும்பாலும் காற்றும் ரத்தமும் ஒரே இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேராததே காரணம். காற்று குறைந்த நுண்ணறைகளின் நஷ்டத்தை நல்ல நுண்ணறைகள் ஈடுகட்ட முடியாது. அங்கே ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிறைகுடம். கார்பன் டை ஆக்சைடை மட்டும் மூச்சை வேகப்படுத்தி வெளியே தள்ளிவிடலாம். அதனால் இந்த நோயாளிக்கு அது ஏற ஆரம்பித்தால்தான் பயப்படணும்: மூச்சுத் தசைகள் களைத்துவிட்டன என்று அர்த்தம்.

ஆக்சிஜன் கொடுத்துப் பாருங்க. சுவர் தடித்தாலும் சரி, காற்றும் ரத்தமும் சரியாகச் சேராவிட்டாலும் சரி, அளவு ஏறும். நிமோனியாவில் சளி அடைத்து நுண்ணறைக்குள் காற்றே போகாத பகுதி பெரிதாக இருந்தால் 100 சதவீத ஆக்சிஜனுக்கும் அவ்வளவாக அசையாது.

டெக்னீஷியன்_திருச்சி:
முதலில் அந்த 86 நிஜமா என்று பாருங்க தம்பி. மீட்டர் காட்டும் துடிப்பும் கையால் எண்ணும் துடிப்பும் ஒத்துப்போகணும். விரல் ஜில்லென்று இருந்தாலோ நெயில் பாலிஷ் இருந்தாலோ நடையில் கை ஆடினாலோ எண் தப்பும். காதுமடலில் மாட்டும் ப்ரோப் இருந்தால் நல்லது. நிஜம் என்றால் விடாதீங்க: சாச்சுரேஷன் 90-க்கு ஈடான ரத்த ஆக்சிஜன் அழுத்தம் 60, அதற்குக் கீழே இரண்டையும் இணைக்கும் வளைகோடு செங்குத்து. இன்னும் கொஞ்சம் நடக்கவிட்டாலும் மளமளவென்று இறங்கிவிடும். 80-க்குக் கீழே போனால் சோதனையை அங்கேயே நிறுத்தணும்.